வேர்டு டேபிளில் பாதிப் பெயர்களைக் காணோம்: கெட்டது கோப்பா, காட்சியா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயிகள் குழு ஒன்றின் மூன்று மாத ரப்பர் பால் கணக்கை வீட்டு லேப்டாப்பில் வேர்டில் டேபிளாக அடித்திருக்கிறீர்கள். 86 பெயர், 12 நெடுவரிசை. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி மார்த்தாண்டத்தில் ஒரு டிடிபி கடையில் திறந்தபோது 31-வது பெயரோடு முதல் பக்கம் முடிந்துவிட்டது, இரண்டாம் பக்கமே இல்லை. பெயர்களில் எழுத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. கடைசியில் இருக்கும் தொகை நெடுவரிசை தாளுக்கு வெளியே ஓடுகிறது. கோடுகள் அங்கங்கே இல்லை. அதே கோப்பைப் போனில் திறந்தால் எல்லாம் இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா, வைரஸா, முழுதும் மறுபடி அடிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

மறுபடி அடிக்க வேண்டியதில்லை. போனில் 86 பெயரும் தெரிகிறதென்றால் அவை கோப்புக்குள் இருக்கின்றன. கடைக் கம்ப்யூட்டர் அவற்றைக் காட்டவில்லை, அவ்வளவுதான். வைரஸ் இந்த மாதிரி 31-வது வரிசையில் நின்று வேலை செய்யாது. நீங்கள் சொல்லும் நான்கு கோளாறுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டு வேர்டை அழித்து மறுபடி ஏற்றுவதுதான் பலர் முதலில் செய்வது, அதனால் ஒன்றும் மாறாது. கோப்பைக் கண்ணால் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், உறுதியாகச் சொல்ல முடிந்ததை உறுதியாகவும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

எதைத் தொடும் முன்பும் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கடைக் கம்ப்யூட்டரிலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: டேபிளுக்குள் எங்காவது சொடுக்கினால் அதன் இடது மேல் மூலையில் நான்கு பக்கமும் அம்பு போட்ட சிறு பெட்டி வரும். அதைச் சொடுக்கினால் டேபிள் முழுதும் தேர்வாகும். கன்ட்ரோல்+சி போட்டு, நோட்பேடைத் திறந்து ஒட்டுங்கள். நோட்பேடுக்குப் பக்கமும் கிடையாது, உயரமும் கிடையாது, எனவே மறைக்க அதனால் முடியாது. 86-வது பெயர் அங்கே வந்துவிட்டால் மனதை ஆற்றிக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள். வரவில்லை என்றால் மட்டுமே வாட்ஸ்அப்பில் போனது பழைய பிரதியா என்று பார்க்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருப்பது அடிக்கடி நடக்கிற காரியம்.

இனி வரிசைகள் காணாமல் போவது. டேபிள் ஒன்று பக்கத்தில் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, பாராக்களைப் போலத் தானும் ஒரு பாராவாக வரிசையில் நிற்பது. பக்கம் முடிந்தால் மிச்சம் அடுத்த பக்கத்துக்குத் தானாக வழியும். இன்னொன்று, படத்தைப் போல மிதப்பது. டேபிளை மவுஸால் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தினாலே போதும், வேர்டு அதை மிதக்கும் டேபிளாக மாற்றிவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. டேபிள் மேல் வலது சொடுக்கு போட்டு டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, டேபிள் என்ற முதல் தாவலின் கீழே டெக்ஸ்ட் ராப்பிங் என்று இருப்பதைப் பாருங்கள். அங்கே அரவுண்ட் தேர்வாகியிருந்தால் டேபிள் மிதக்கிறது. நன் (எதுவுமில்லை) என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். பக்கம் தாண்டி மறையும் வரிசைகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது வேர்டா வேறா என்று உங்களுக்குத் தெரியவில்லை என்கிறீர்கள். அது தெரிந்தாக வேண்டும். பல கடைகளில் வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் அல்லது டபிள்யூபிஎஸ் என்ற மென்பொருள் இருக்கும். லிப்ரே ஆபீஸ் மிதக்கும் டேபிளை ஒரு சட்டத்துக்குள் வைத்துத் திறக்கும். 2023-இல் வந்த 7.6 பதிப்புக்கு முன்பு அந்தச் சட்டத்துக்கு அடுத்த பக்கத்துக்குத் தாண்டத் தெரியாது. ஒரு பக்கத்துக்கு மேல் உள்ளது கண்ணுக்குப் படாமல் போகும். வேர்டில் சரியாக இருந்து கடையில் ஒரே பக்கத்தோடு நிற்பது என்ற உங்கள் வர்ணனைக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இது என் ஊகம். கடையில் ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதைத் திறந்து பதிப்பு எண்ணைப் பார்த்தால் ஊகம் உறுதியாகிவிடும். வீட்டில் அரவுண்டை நன் ஆக்கிச் சேமித்து அனுப்பினாலே எந்தப் பதிப்பிலும் இந்தக் கோளாறு வராது.

மிதக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். டேபிள் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் அடைபட்டிருக்கலாம். அழகான தலைப்புக் கட்டம் போட்ட பழைய கோப்பை எடுத்து அதற்குள்ளேயே அடித்தவர்களுக்கு இது நேரும். டெக்ஸ்ட் பாக்ஸ் பக்கம் தாண்டாது. பெட்டியின் அடிக்கோட்டோடு வெட்டு. டேபிளை மட்டும் வெட்டி எடுத்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பெட்டியை அழித்துவிடுங்கள். இரண்டாவது, 86 பெயரையும் ஒரே கட்டத்துக்குள் என்டர் தட்டித் தட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்திருப்பது. பார்வைக்கு 86 வரிசை போலத் தெரியும், உண்மையில் அது ஒரே ஒரு வரிசை. அந்த வரிசைக்கு உயரம் பூட்டியிருந்தால் மிச்சமெல்லாம் உள்ளே புதைந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: ஹோம் தாவலில் பாராக் குறியைச் சொடுக்குங்கள், அல்லது கன்ட்ரோல்+ஷிப்ட்+8. ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் சூரியன் மாதிரிச் சிறு வட்டக் குறி ஒன்று வரும், அது கட்டம் முடிந்தது என்பதற்கான அடையாளம். பெயர்களுக்கு இடையே பாராக் குறி மட்டும் இருந்து வட்டக் குறி கீழே ஒன்றே ஒன்று இருந்தால் அத்தனையும் ஒரு கட்டம். வட்டக் குறியே தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து இன்னும் இருக்கிறது என்று பொருள். இந்தக் குறியை வைத்தே டேபிள் கோளாறில் பாதியைப் பிடித்துவிடலாம். ஆனாலும் 'அசிங்கமா இருக்கு' என்று எல்லோரும் அணைத்துத்தான் வைத்திருப்பார்கள்.

எழுத்து வெட்டுப்படுவதற்கு வருவோம். இதில் மேலே வெட்டா, கீழே வெட்டா என்று உற்றுப் பாருங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் வேறு. நீங்கள் தலை வெட்டு என்கிறீர்கள்: 'கிறிஸ்டோபர்' என்பதில் கி-யின் கொக்கி மழுங்கியிருக்கும், 'ஸ்ரீதரன்' என்பதில் ஸ்ரீ-யின் மேல்வளைவு காணாமல் போயிருக்கும். இது பாராவின் வரி இடைவெளிக் கோளாறு. பெயர் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, பாராகிராப் பெட்டியைத் திறந்து, லைன் ஸ்பேசிங் என்ற இடத்தில் எக்ஸாக்ட்லி 12 பாயின்ட் என்றோ அதற்குக் குறைவாகவோ இருக்கிறதா பாருங்கள். ஆங்கில எழுத்துக்கு 12 தாராளம். தமிழுக்கு மேலே கொக்கியும் கீழே சுழியும் உண்டு, 11 பாயின்ட் எழுத்துக்கே அது போதாது. வரி உயரம் பூட்டப்பட்டால் வேர்டு மேல் பக்கத்தைத்தான் வெட்டும். சிங்கிள் என்று மாற்றுங்கள். கூடவே பிஃபோர், ஆஃப்டர் இரண்டையும் 0 ஆக்கினால் வரிசைகள் தேவையில்லாமல் ஊதாமலும் இருக்கும்.

எழுத்தின் தலை சரியாக இருந்து, இரண்டாவது வரி மட்டும் காணோம் என்றால், அதாவது 'அருமனை' தெரிந்து அதன் கீழே இருந்த வீட்டுப்பெயர் தெரியவில்லை என்றால், அது வரிசை உயரக் கோளாறு. டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ரோ தாவல், ஸ்பெசிஃபை ஹைட் என்பதில் டிக் இருந்து ரோ ஹைட் ஈஸ் என்ற இடத்தில் எக்ஸாக்ட்லி இருக்கும். டிக்கை எடுத்துவிடுங்கள், குறைந்தது இவ்வளவு உயரம் வேண்டும் என்று நினைத்தால் அட் லீஸ்ட் என்று மாற்றி 0.6 சென்டிமீட்டர் கொடுங்கள். லிப்ரே ஆபீஸில் இதற்கு இணையானது டேபிள் மெனுவில் சைஸ், ரோ ஹைட், அங்கே ஃபிட் டு சைஸ் என்ற டிக். அது இருந்தால் வரிசை எழுத்துக்கேற்ப வளரும். இல்லாவிட்டால் கட்டத்தின் ஓரத்தில் சிறு சிவப்பு முக்கோணம் தெரியும். உள்ளே இன்னும் எழுத்து இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். வேர்டில் அந்த உதவி கிடையாது.

வீட்டில் வெட்டாத எழுத்து கடையில் வெட்டுவது ஏன் என்பதற்கு எழுத்துருவே காரணம். வீட்டில் நீங்கள் எந்த எழுத்துருவில் அடித்தீர்களோ அது கடையில் இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அதன் உயரமும் அகலமும் வேறு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து எல்லோருக்கும் பழகிய லதா, விண்டோஸ் 10-இல் தானாக வருவதில்லை. தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்று தனியாக ஏற்ற வேண்டும். விண்டோஸ் 8 முதல் கூடவே வருவது நிர்மலா யூஐ. அதனால் வெளியே அனுப்பப் போகும் டேபிளை நிர்மலா யூஐயில் வைப்பது பாதுகாப்பு. அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. உங்கள் பட்டியலில் களியக்காவிளை, அருமனை பக்கத்து உறுப்பினர்கள் சிலர் பெயரை மலையாளத்தில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். தமிழுக்கு லதா, மலையாளத்துக்கு கார்த்திகா என்று கலந்தால் வரிசைக்கு வரிசை உயரம் மாறி டேபிள் ஏறுக்கு மாறாக நிற்கும். நிர்மலா யூஐக்குள் இரண்டு எழுத்தும் இருப்பதால் அந்தத் தொல்லை குறையும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வேர்டு தமிழையும் மலையாளத்தையும் 'காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்' என்ற தனி வகையில் வைத்து, அதற்குத் தனி எழுத்துருவும் தனி அளவும் வைத்திருக்கும். கன்ட்ரோல்+டி போட்டால் வரும் பெட்டியில் லத்தீன் எழுத்துக்கு ஒரு வரியும் காம்ப்ளெக்ஸ் எழுத்துக்கு ஒரு வரியும் தனித்தனியாக இருப்பதைக் காணலாம். எண்களை 10-க்குக் குறைத்தும் பெயர்கள் 12-லேயே நிற்கின்றன என்றால் காரணம் அதுதான். டேபிள் முழுதையும் தேர்ந்தெடுத்து அந்தப் பெட்டியில் இரண்டு வரியையும் ஒரே அளவாக்குங்கள். வெறுங்கட்டம்கூட உயரமாக நிற்கிறதென்றால் அதன் கடைசி வட்டக் குறிக்குப் பெரிய அளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் யாராவது ஒரு பகுதியை அடித்துத் தந்திருந்தால் கதை வேறு. அது தமிழ் எழுத்தே அல்ல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றி ஒட்டினால் எழுத்தின் அகலம் மாறும், ஒட்டிய பிறகு நெடுவரிசை அகலங்களை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்னும் பாமினியில் பட்டியல் அடிப்பது வேண்டாத வம்பு.

தொகை நெடுவரிசை வெளியே ஓடுவது கணக்குதான். ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம். இரு பக்கமும் வேர்டு வழக்கமாக வைக்கும் 2.54 ஓரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 15.92. அதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டால் நெடுவரிசைக்கு 1.33. ஒவ்வொரு கட்டத்திலும் இடமும் வலமும் 0.19 வெற்றிடம் போக எழுத்துக்குக் கிடைப்பது 0.95 சென்டிமீட்டர். அதில் 'திருவட்டாறு' என்ற ஊர்ப்பெயரை நுழைத்தால் இரண்டாக மூன்றாக உடையும். உடையக் கூடாது என்று கட்டத்தை இழுத்தால் டேபிள் தாளை விட்டு வெளியேறும். தாளை லேண்ட்ஸ்கேப்பாகத் திருப்பி, ஓரத்தை 1.5 ஆக்கினால் 26.7 சென்டிமீட்டர் கிடைக்கும். அதை இப்படிப் பங்கிடலாம்: வரிசை எண் 1, பெயர் 5.5, ஊர் 3.2, உறுப்பினர் எண் 1.8, மூன்று மாதப் பால் எடை தலா 1.9, டி.ஆர்.சி. (பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பது) 1.5, உலர் ரப்பர் எடை 2, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த பால்) 1.7, விலை 1.7, தொகை 2.6. கூட்டினால் சரியாக 26.7 வரும். இந்த எண்களை மவுஸால் இழுத்து வைக்காதீர்கள். டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் காலம் (நெடுவரிசை) தாவலில், நெக்ஸ்ட் காலம் அழுத்தியபடி ஒவ்வொன்றாக எழுதுங்கள். மவுஸால் இழுக்கும்போது ஏதாவது ஒரு கட்டம் தேர்வாகியிருந்தால் அந்த ஒரு கட்டத்தின் கோடு மட்டும் நகரும். கொஞ்ச நேரத்தில் கோடுகள் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும்.

அகலத்தை எழுதியபின் டேபிள் தாவலில் உள்ள ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி, ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ் என்ற டிக்கை எடுங்கள். அது இருக்கும்வரை யாராவது ஒரு நீளமான பெயரை அடித்தாலே அந்த நெடுவரிசை தானாக விரியும். இன்னொரு டிக்கையும் பார்க்கச் சொல்வேன்: செல் தாவலில் ஆப்ஷன்ஸுக்குள் ராப் டெக்ஸ்ட், ஃபிட் டெக்ஸ்ட் என்று இரண்டு இருக்கும். ராப் இருக்கட்டும், ஃபிட் வேண்டாம். ஃபிட் இருந்தால் பெயர் முழுதையும் ஒரே வரியில் பிழிந்து அடக்கிவிடும், எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

லேண்ட்ஸ்கேப் ஆக்காமலே வீட்டில் சரியாக இருந்தது, கடையில் மட்டும் ஓடியது என்றால் தாள் அளவைச் சந்தேகப்படுங்கள். வேர்டு சில கம்ப்யூட்டர்களில் லெட்டர் அளவில் திறக்கும். அது 21.59 அகலம், 27.94 உயரம். ஏ4-ஐவிட அகலத்தில் 0.59 கூடுதல், உயரத்தில் 1.76 குறைவு. லெட்டருக்குப் பொருந்த வைத்த டேபிளை ஏ4-இல் போட்டால் வலப்பக்கம் அரை சென்டிமீட்டருக்கும் மேல் ஓரத்துக்குள் போய்விடும். லேஅவுட் தாவலில் சைஸ் என்பதைத் திறந்து ஏ4 ஆக்கிவிட்டு, டேபிளுக்குள் சொடுக்கி ஆட்டோஃபிட் விண்டோ கொடுத்தால் டேபிள் ஓரத்தோடு ஓரமாக வந்து நிற்கும். சில டேபிள்கள் இடப்பக்கம் ஓரத்தைத் தாண்டி 0.19 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். அது பழைய வேர்டின் வழக்கம், பிழையல்ல. 2013 முறைக்கு மாறிய கோப்பில் கோடே ஓரத்தோடு பொருந்தும்.

கோடுகள் மறைவதில் பயப்பட ஒன்றுமில்லை. ஜூமை 200 சதவீதம் ஆக்குங்கள். கோடு தென்பட்டால் திரையின் புள்ளி அளவுக்குள் கால் பாயின்ட் கோடு அடங்காமல் போனதுதான், அச்சில் வரும். மனக்குறை இருந்தால் அரை பாயின்டாக்கிவிடுங்கள். திரையில் புள்ளிக் கோடு தெரிந்து அச்சில் இல்லை என்றால் அது பார்டர் அல்ல, வியூ கிரிட்லைன்ஸ் காட்டும் வழிகாட்டி; டேபிளைத் தேர்ந்தெடுத்து ஆல் பார்டர்ஸ் கொடுக்க வேண்டும். வலது ஓரக் கோடு மட்டும் அச்சில் வரவில்லை என்றால் அது பிரின்டர் எட்டாத விளிம்பில் விழுகிறது. கட்டங்கள் இளநீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ நிறம் மாறித் தெரிந்தால் திருத்தங்களைக் குறித்துவைக்கும் ட்ராக் சேஞ்சஸ் ஓடிக்கொண்டிருக்கிறது: சேர்த்த கட்டம் நீலம், நீக்கியது சிவப்பு. ஆக்செப்ட் ஆல் சேஞ்சஸ் கொடுத்தால் போய்விடும்.

வரிசையும் அகலமும் சரியானபின் அடுத்த தலைவலி தலைப்பு வரிசை. 'பெயர், ஊர், பால் எடை' என்ற முதல் வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் வர, அதைத் தேர்ந்தெடுத்து ரிப்பீட் ஹெடர் ரோஸ் கொடுக்க வேண்டும். முதல் வரிசையிலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுத்தால்தான் அது வேலை செய்யும். நடுவில் கன்ட்ரோல்+என்டர் போட்டுப் பக்கம் பிரித்திருந்தால் டேபிள் அந்த இடத்தில் இரண்டாக உடைந்திருக்கும், பின்பாதிக்குத் தலைப்பு வராது. அதை அழித்து ஒட்டவைத்துவிட்டு, புதிய பக்கம் தொடங்க வேண்டிய வரிசையின் முதல் கட்டத்தில் பாராகிராப் பெட்டியின் பேஜ் பிரேக் பிஃபோர் டிக்கைப் போடுங்கள். இதற்கு எதிர்ப்பக்கமாக, டேபிள் முதல் பக்கத்தை வெறுமையாக விட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினால், எல்லா வரிசையிலும் கீப் வித் நெக்ஸ்ட் டிக் இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்று பிரியாமல் மொத்தமாகக் கீழே குதிக்கின்றன. அந்த டிக்கை எடுங்கள். டேபிளுக்குப் பிறகு ஒரு வெற்றுப் பக்கம் வந்தால், டேபிளை அடுத்து வரும் பாராவை வேர்டு அழிக்க விடாது என்பதுதான் காரணம். அந்தப் பாராவுக்கு எழுத்தளவு 1, வரி இடைவெளி எக்ஸாக்ட்லி 1 பாயின்ட் கொடுத்தால் பக்கம் உள்ளே இழுபடும்.

போனில் மட்டும் ஏன் எல்லாம் தெரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். போன் வேர்டின் மொபைல் பார்வை தாள் என்று ஒன்றை வைத்துக்கொள்வதில்லை. திரைக்கேற்ப எழுத்தைக் கொட்டுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நல்லது, அச்சில் எப்படி வரும் என்று பார்க்கப் பயன்படாது. போனில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கடைக்கார அண்ணனிடம் சண்டை போடுவதில் நியாயமில்லை.

இவ்வளவும் பார்த்து, வீட்டில் சரியாகிவிட்டால், கடைக்கு வேர்டு கோப்பை அனுப்பாதீர்கள். சேவ் அஸ் போய் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துருவும் அதற்குள்ளேயே போய்விடும், கோடும் அகலமும் நகராது. கடையில் ஏதாவது திருத்தச் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்பலாம். அப்போது ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்பதில் எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல் டிக்கைப் போட்டுச் சேமியுங்கள்.

கோப்பு உண்மையிலேயே சிதைந்திருக்குமா என்றால், சாத்தியம் குறைவு, ஆனால் சோதிக்கலாம். ஒரு புதிய வெற்றுக் கோப்பில், பழையதின் கடைசிப் பாராக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் ஒட்டுங்கள். பக்க அமைப்பின் குளறுபடி பெரும்பாலும் அந்தக் கடைசிக் குறியில்தான் ஒட்டியிருக்கும். அங்கேயும் அதே இடத்தில் வெட்டினால், டேபிளைத் தேர்ந்தெடுத்து கன்வர்ட் டு டெக்ஸ்ட், டேப்ஸ் கொடுத்து வெறும் எழுத்தாக்கி, மறுபடி கன்வர்ட் டெக்ஸ்ட் டு டேபிள் கொடுங்கள். மிதப்பது, பூட்டிய உயரம், பிழிந்த கட்டம் எல்லாம் ஒரேயடியாக உதிர்ந்துபோகும். இணைத்த கட்டங்களை மட்டும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். ஒரே கட்டத்துக்குள் பல பெயர் இருந்தால் இந்த வழியில் நெடுவரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும், அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 86 பெயருக்கு மாதாமாதம் எடையும் விலையும் பெருக்கும் வேலைக்கு வேர்டு ஏற்ற இடம் அல்ல. 42.5 கிலோ பால், டி.ஆர்.சி. 36 என்றால் உலர் ரப்பர் 15.3 கிலோ என்று கால்குலேட்டரில் போட்டு 86 தடவை எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எக்செலில் ஒரு கட்டத்தில் சூத்திரம் எழுதிக் கீழே இழுத்தால் முடிந்தது. அச்சிட, பேஜ் லேஅவுட்டில் பிரின்ட் டைட்டில்ஸ் போய்த் தலைப்பு வரிசையைக் கொடுத்து, பிரின்ட் பக்கத்தில் ஃபிட் ஆல் காலம்ஸ் ஆன் ஒன் பேஜ் தேர்ந்தெடுத்தால் நாம் மேலே பேசிய அகலத் தகராறே வராது.

வேர்டிலேயே தொடர்ந்து பார்த்தும் 31-வது பெயரில்தான் நிற்கிறது என்றால், மூன்று விவரம் எழுதுங்கள்: கடையில் இருக்கும் மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும், டெக்ஸ்ட் ராப்பிங் நன் ஆகத்தான் இருக்கிறதா என்பது, பாராக் குறிகளைக் காட்டியபடி 30, 31, 32-வது வரிசைகள் தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட். உறுப்பினர் பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். பார்க்க வேண்டியது அந்த வட்டக் குறிகள் மட்டும்தான்.